குஷாய்குடாவிலிருந்து ஒரு டே ஸ்காலர்

பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கே படித்த சத்யா நாதெள்ளா 2014-ல் மைக்ரோசாஃப்டின் தலைமைக்கு வந்ததிலிருந்து இந்த விசாரிப்பு இன்னும் கூடிப்போனது. எல்லோரும் ஃபீஸைப் பற்றிக் கேட்கிறார்கள், நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்கிறார்கள். சாயங்காலம் பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அங்கே படிப்பதில் பாதி விஷயம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு குஷாய்குடாவில். 1967-ல் ஏ.எஸ். ராவ் முன்னின்று தொடங்கிய ஈ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனமும், அதையடுத்து வந்த அணு எரிபொருள் வளாகமும் எங்களைப் போன்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை நகரத்தின் இந்த வடகிழக்கு மூலைக்கு இழுத்து வந்தன. நடந்து போகும் தூரத்திலேயே பள்ளிகள் உண்டு. நாச்சாரம் தாண்டிப் போனால் ராமந்தாபூரில் இன்னொரு ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலே இருக்கிறது. ஆனால் 2005-ல் என் மகனுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது பேகம்பேட்டையில். மௌலாலி, மெட்டுகூடா, செகந்திராபாத், பாரடைஸ் என்று ஏறத்தாழ 15 கிலோமீட்டர். முதலில் வேனில் போனான். கொஞ்சம் வளர்ந்ததும் செகந்திராபாத் வரை பஸ், அங்கிருந்து எம்எம்டிஎஸ் ரயில். இப்போதென்றால் மெட்டுகூடாவில் மெட்ரோ ஏறிவிடலாம். அந்த வசதி எங்களுக்கு வாய்க்கவில்லை.

தூரத்தை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் அந்தப் பள்ளியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1923-ல், ஜாகீர்தார் எனப்பட்ட நிலப்பிரபுக்களின் வீட்டுப் பையன்களுக்காக ஜாகீர்தார் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது அது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிதான் முன்மாதிரி. ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1949-ல் ஜாகீர்கள் ஒழிந்தன. 1951-ல் பள்ளிக்கு இப்போதைய பெயர் வந்தது, பிறகு எல்லாருக்கும் கதவு திறந்தது, 1988-ல் பெண் பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் அதன் நாள் ஒழுங்கு மட்டும் அங்கேயே தங்கிப் படிக்கும் பையனை மனதில் வைத்துப் போட்டது. காலையில் வகுப்பு, சாயங்காலம் மைதானம். கிரிக்கெட், ஹாக்கி, நீச்சல், குதிரையேற்றம் எல்லாமே கடைசி மணி அடித்த பிறகுதான் சூடுபிடிக்கும். மணி அடித்ததும் வேனில் ஏறிவிடும் பையன் ஒரு நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்தான் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இதை நாங்கள் முதல் வருஷமே முடிவு செய்துகொண்டோம்: மைதானத்துக்கு நேரம், டியூஷனுக்கு நேரமில்லை. சொல்வது சுலபம். இந்த ஊரில் ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் என்று பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு டெக்னோ ஸ்கூல், வாரா வாரம் ஸ்லிப் டெஸ்ட். எங்கள் மாடி வீட்டுப் பையன் இரவு ஒன்பது மணி வரை கணக்குப் போடுவான். என் மகன் அந்த நேரத்தில் ஹாக்கி மட்டையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், “ஏம்மா, இவன் படிக்கிறானா, இல்லை விளையாடத்தான் அவ்வளவு தூரம் அனுப்பறீங்களா?” என்று கேட்டார். “ரெண்டுக்கும்தான் அத்தை” என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

டே ஸ்காலர் வீட்டில் நேரத்தைக் காப்பாற்றச் சில வழிகள் உண்டு. வந்ததும் குளியல், சாப்பாடு, பிறகு ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் படிப்பு, அதோடு சரி. சாப்பாட்டை முன்னால் வைத்துவிடுங்கள். பசியோடு உட்கார்ந்த பையன் புத்தகத்தைத்தான் முறைத்துக்கொண்டிருப்பான். வேனில் வீட்டுப்பாடம் எழுத விடாதீர்கள், கையெழுத்து போய்விடும். வேண்டுமானால் கதைப்புத்தகம் படிக்கட்டும். எங்கள் பையனின் ஆங்கிலம் முக்கால்வாசி மௌலாலி நெரிசலில் உருவானது. சீருடையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் இரண்டு இரண்டு செட் கட்டாயம் வேண்டும். ஹைதராபாத் மழையில் ஒரு செட் ஒருநாளும் காயாது.

அவன் காலத்தில் பாடத்திட்டம் ஐசிஎஸ்இ. மாநிலப் பாடத்திலிருந்து மாறி வரும் பிள்ளைகள் முதலில் திணறுவது கணக்கில் அல்ல, ஆங்கிலத்தில். மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு ஒரு தாள். இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றை வரிவரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். மதிப்பெண்ணில் ஆங்கிலத்தோடு சிறந்த நான்கு பாடங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால், கணக்கில் புலியாக இருந்து ஆங்கிலத்தில் சறுக்கினால் தப்பிக்க இடமில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று அறிவியல் மூன்று தாளாக வரும். 80 மதிப்பெண் தேர்வுக்கு, 20 மதிப்பெண் பள்ளியின் உள்மதிப்பீட்டுக்கு. இந்த 20-க்கான ப்ராஜெக்டை அம்மா அப்பா செய்து கொடுப்பது ஊர் வழக்கம். நாங்கள் அட்டையும் பசையும் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். கோணலும் மாணலுமாகத்தான் செய்தான். ஆனால் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஹவுஸ் என்ற அமைப்பைப் பற்றிப் பெற்றோர் ரொம்ப அலட்சியமாக இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் டேக்குக் கலர் சட்டை போடுவது என்று நினைக்கிறார்கள். சின்ன வகுப்பு, பெரிய வகுப்பு, ஹாஸ்டல் பையன், டே ஸ்காலர் எல்லாரையும் கலந்து ஒரே அணியில் போடுவது அது. நாதெள்ளா இருந்தது நாளந்தா ஹவுஸ். பள்ளியில் கற்றதைத் தன் புத்தகத்தில் எழுதும்போது அவர் எடுத்துக்கொண்ட சம்பவமும் மைதானத்தில் நடந்ததுதான். அவர் மோசமாகப் பந்து வீசிய ஒரு நாள், கேப்டன் தானே வந்து பந்து வீசி விக்கெட் எடுத்துவிட்டு, அடுத்த ஓவரை மறுபடி இவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். அதனால் சனிக்கிழமை ஹவுஸ் மேட்ச் என்றால் கல்யாணத்தையே தள்ளிவைத்தாவது அனுப்புங்கள்.

பெரிய பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாதெள்ளா, அடோபியின் சாந்தனு நாராயண், 2023-ல் உலக வங்கித் தலைவரான அஜய் பங்கா மூவரும் இங்கே படித்தவர்கள். மூவரில் ஒருவர்கூட ஐஐடிக்குப் போகவில்லை. நாதெள்ளா மணிபால், நாராயண் உஸ்மானியா, பங்கா டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ். ஃபவுண்டேஷன் வகுப்புக்கு அலைகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நாதெள்ளாவின் அப்பா ஐஏஎஸ் அதிகாரி, பங்காவின் அப்பா ராணுவ ஜெனரல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். பள்ளிக்கூடம் மட்டும் அவர்களை உண்டாக்கவில்லை.

வசதி வித்தியாசம் கண்ணில் படத்தான் செய்யும். டிரைவர் வைத்த கார், ஊருக்கு வெளியே பண்ணை வீடு, ஹோட்டலில் பிறந்தநாள். யாருடைய பிறந்தநாளுக்கும் ஒரு புத்தகம்தான் பரிசு என்று நாங்கள் முதலிலேயே வைத்துக்கொண்டதால் ஒவ்வொரு முறையும் தகராறு இல்லாமல் போயிற்று. மறுபக்கமும் அங்கே உண்டு. பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளை மாவட்ட வாரியாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அரசு செலவில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். அப்படி வந்து ஹாஸ்டலில் வளர்ந்த ஒரு லம்பாடித் தண்டாப் பையன் என் மகனுக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் வீட்டாரின் சம்மதக் கடிதத்தோடு சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். முதல் முறை சாம்பாரைப் பார்த்து, “ஆன்ட்டி, இதில் காரமே இல்லையே!” என்றான். அடுத்த முறையிலிருந்து அவனுக்காகக் கோங்குரா ஊறுகாய் வாங்கி வைத்தேன். என் மகனின் தெலுங்கு புத்தகத்திலிருந்து வந்ததைவிட அவனிடமிருந்து வந்தது அதிகம். டே ஸ்காலர் வீடுகள் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைப்பது நல்லது; இரண்டு பக்கத்துக்கும் லாபம். தமிழ் மட்டும் பள்ளியில் கிடையாது, அது நம் பொறுப்பு. எங்கள் வீட்டில் பாட்டிக்குக் கடிதம் எழுதுவதில் அது ஓடிற்று. 2018-ல் தெலங்கானா சட்டம் போட்டுப் படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்போது சேர்ப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெரிய சோதனை வரும். வகுப்பில் பலர் விலகி, இன்டர்மீடியட்டுக்காக கார்ப்பரேட் காலேஜுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கும் ஃபோன் மேல் ஃபோன். இவன் அங்கேயே இருந்து, பதினொன்று பன்னிரண்டுக்கான ஐஎஸ்சி படிக்கிறேன் என்றான், விட்டுவிட்டோம். 2011-ல் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் சகல ஜனுல சம்மே வந்தது. தெலங்கானா கேட்டு 42 நாள் வேலைநிறுத்தம், ஆர்டிசி பஸ் ஓடவில்லை, பள்ளிகள் மூடிக்கிடந்தன. தூரத்துப் பள்ளியில் படிப்பதன் விலை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் படித்தார்கள். இவனுடைய வகுப்புத் தோழர்களோ ஜூபிலி ஹில்ஸிலும் பஞ்சாரா ஹில்ஸிலும். அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து இயற்பியலை முடித்தார்கள். பொறியியல் நுழைவுத் தேர்வான எம்செட்டில் மாடி வீட்டுப் பையனின் ரேங்க் இவனுடையதைவிட எவ்வளவோ மேல். இவனுக்குக் கிடைத்தது சுமாரான பொறியியல் கல்லூரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

இவனுக்குப் பின்னால் பிறந்தவளை நாங்கள் பேகம்பேட்டைக்கு அனுப்பவில்லை. அண்ணன் படித்த பள்ளி என்று உறவினர் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு மைதானம் என்றாலே ஆகாது, வேனில் ஏறினால் வாந்தி. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, மிச்சமான சாயங்காலத்தில் சைனிக்புரியில் வயலின் வகுப்புக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.