வங்கியில் ஒரு கணக்கு
(இரண்டாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

சேமிப்பு என்றதும் என் நினைவிற்கு வருவது எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிதான். களையெடுத்து வந்த கூலியில் மிச்சம் பிடித்த சிறுவாட்டை அம்மா அதில்தான் போட்டு வைப்பார். 1969 ஜூலை 19-ஆம் நாள் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதைப் படித்து மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும், உதவித்தொகை பெறக் கணக்கொன்று தேவைப்பட்டபோது, அதைத் தொடங்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பட்டறிந்ததை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கணக்கின் வகையை அறிய வேண்டும். நடப்புக் கணக்கு, நாள்தோறும் பலமுறை பணம் போட்டு எடுக்கும் வணிகர்க்கு உரியது. அதற்கு வட்டி கிடையாது. நம்போன்றோர்க்குச் சேமிப்புக் கணக்கே ஏற்றது. அதிலும் 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' என்று பெயர் சொல்லிக் கேட்பது நலம். 2012-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, இதில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை.

அடுத்து, விண்ணப்பப் படிவம், நிழற்படம், ஆதார் அல்லது வாக்காளர் அடையாள அட்டை ஆகியவை வேண்டும். பான் அட்டை இல்லாதோர் அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தை நிரப்பித் தரலாம்.

இங்கேதான் நான் இடறினேன். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி தலைப்பெழுத்தை முன்னே இட்டுப் பெயரை எழுதினேன். ஆதாரிலோ தந்தையின் பெயர் முழுதாகப் பின்னே நின்றது. போதாக்குறைக்கு, மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கையொப்பமிட்டிருந்தேன். எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பெயரைத் திருத்தி மீண்டும் செல்வதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. தேர்வுக் கட்டணத்திற்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. எனவே நண்பர்களே, வங்கிக்குப் புறப்படுமுன் எல்லாச் சான்றுகளிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நாமினி எனப்படும் நியமனதாரர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். இரண்டாண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லையேல் கணக்கு முடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2020 முதல், வங்கி நொடித்துப் போனாலும் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆனால், நம் கவனக்குறைவிற்குக் காப்பீடு இல்லை. சிறு தொகைக்கு ஆசைப்பட்டு நம் கணக்கைப் பிறர் பயன்படுத்த விட்டால், அவர் செய்யும் மோசடிக்கு நாம் காவல் நிலையத்தில் பதில் சொல்ல நேரும்.

கைநாட்டு வைப்போரும் கணக்குத் தொடங்கலாம். உதவித்தொகை வந்து கம்மலை மீட்ட மறுவாரமே அம்மாவை அழைத்துச் சென்றேன். பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டே, "எம்பேரு சரியா இருக்கா, பாரு" என்றார். கணக்குப் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். அஞ்சறைப் பெட்டியில் இப்போது கடுகும் சீரகமும் மட்டுமே உள்ளன.