சிவப்புப் பக்கமும் தாண்டும் வழியும்

வியாபாரிகளான நாம் இன்று கொள்முதல், பட்டுவாடா, வங்கிக் கணக்கு ஆகிய யாவற்றையும் கைப்பேசியிலும் கணினியிலுமே பார்த்து வருகிறோம். அவ்வாறு பார்க்கும்போது சில சமயம் திரை முழுவதும் சிவந்து, இத்தளம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை எழும். அதன் அடியில் விவரம் கேட்டுத் தொட்டால், கடைசியில் சிறிய எழுத்தில், 'பாதகமில்லை, உள்ளே போகிறேன்' என்னும் பொருளில் ஒரு வழியும் இருக்கும். அவ்வழி இருக்கலாமா, கூடாதா? இதுவே இன்றைய பாடம்.

நமக்கு நேர்ந்தது

முதலில் நம் கடையில் நடந்ததைச் சொல்லி விடுகிறோம். பெருநாள் சரக்கு எடுக்கும் நேரம். பல வருஷமாகப் பழகிய மொத்த வியாபாரி ஒருவரின் தளத்தில் விலைப் பட்டியல் பார்க்கச் சென்றபோது சிவப்புப் பக்கம் வந்தது. அவசரத்தில் நாமே கடைத் தம்பியிடம், "அட, நமக்குத் தெரிந்த இடம்தானே, தாண்டிப் போ" என்றோம். அன்று ஒன்றும் ஆகவில்லை. அத்தளம் தவறாகவே தடுக்கப்பட்டிருந்தது.

நாலு மாதம் கழித்து, பார்சல் விலாசத்தை உறுதி செய்யும்படி ஒரு குறுஞ்செய்தி வந்தது. தம்பி அதைத் தொட்டான், சிவப்புப் பக்கம் வந்தது, தாண்டினான், கடை அட்டையின் எண்ணைக் கொடுத்தான். 1,860 வெள்ளி போயிற்று. நாம் கோபித்தபோது அவன் சொன்னான்: "போன தடவையும் சிவப்பாத்தானே முதலாளி வந்துச்சு? ஒண்ணும் ஆகலையே!"

அவனிடம் குற்றம் காண நமக்கு வாயில்லை. அப்பாடத்தைக் கற்பித்தவர் நாமே.

தடையை வைப்பவர் யார்?

தடைகள் யாவும் ஒரே இனமல்ல. முதலாவது, ஆபத்துப் பட்டியல். கூகுள் 'சேஃப் பிரௌசிங்' என்ற பெயரில் வைத்திருக்கும் பட்டியலைக் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய பிரௌசர்கள் உபயோகிக்கின்றன. இரண்டாவது, தளத்தின் அடையாளச் சான்று சரியில்லாதபோது எழும் தடை. மூன்றாவது, யூபிளாக் ஆரிஜின் போல நாமே விரும்பிப் போட்டுக்கொள்ளும் விளம்பரத் தடுப்பான். நான்காவது, முதலாளி தம் கடைக் கணினியில் வைக்கும் தடை. பூட்டியவர் யார் என்று பாராமல் சாவி யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லுதல் நியாயமாகாது.

வழி வேண்டும் என்பதற்கு ஆதாரம்

பட்டியலும் மனிதர் கைப்பட்டதே. அதில் பிழை வரும். 2009 ஜனவரி 31 அன்று கூகுளின் ஆபத்துப் பட்டியலில் ஒரு சாய்கோடு மட்டும் தவறுதலாக ஏறிவிட்டது. சாய்கோடு இல்லாத இணைய விலாசம் கிடையாது. ஆகவே ஏறக்குறைய 40 நிமிஷம், தேடலில் வந்த உலகத்துத் தளங்கள் யாவும் தீங்கானவை என்று குறிக்கப்பட்டன! இப்பேர்ப்பட்ட நாளில் வழியே இல்லாத கதவு இருந்தால் என்னவாகும்? நம் சொந்தக் கடையின் தளம் தவறாக அகப்பட்டால், திருத்தம் வரும்வரை வாடிக்கைக்காரர் யாவரும் வாசலிலேயே திரும்பிப் போவர்.

வழி கூடாது என்பதற்கு ஆதாரம்

2013-ல் தேவ்தத்தா அகாவே, ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தனர். சான்று பற்றிய எச்சரிக்கைகளில் குரோம் உபயோகித்தவர்கள் நூற்றுக்கு 70-ஐத் தாண்டிச் சென்றனர். பயர்பாக்ஸில் நூற்றுக்கு 33. ஆபத்துப் பட்டியலின் எச்சரிக்கையிலோ குரோமில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, பயர்பாக்ஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். அடிக்கடி வந்து, வந்தும் ஒன்றும் ஆகாத எச்சரிக்கையை மனிதன் மதிப்பதில்லை. அபூர்வமாய் வருவதை மதிக்கிறான். அடுத்து, வழி ஒன்று இருப்பது மட்டுமல்ல, அது எவ்வளவு சுலபம் என்பதும் முக்கியம். எச்சரிக்கையின் தோற்றத்தை மாற்றினாலே தாண்டுவோர் தொகை மாறுவது பின்னர் 2014-ல் செய்த சோதனையிலும் தெரிந்தது.

நம் அபிப்பிராயம்

நாமே போட்ட விளம்பரத் தடுப்பானில் வழி இருக்கவேண்டும். நம் பூட்டு, நம் சாவி. ஆபத்துப் பட்டியலில் வழி இருக்கலாம். ஆனால் அது சுலபமாயிருக்கக் கூடாது. கடைக் கணினியில் சாவி முதலாளியிடம் இருக்கவேண்டும். ஏனெனில் நஷ்டம் அவருடையது. குரோமிலும் பயர்பாக்ஸிலும் நிர்வாகி இவ்வழியை அடைத்துவிட ஏற்பாடு உண்டு.

வழியே கூடாத இடமும் ஒன்று உண்டு. ஒரு தளம், 'என்னிடம் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வரவேண்டும்' என்று பிரௌசருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அப்படிச் சொன்ன தளத்தின் சான்று பிழையானால், உபயோகிப்பவருக்குத் தாண்டும் வழி கொடுக்கலாகாது என்று 2012-ல் வெளியான இணைய விதி கூறுகிறது. வீட்டுக்காரரே, 'என் பெயரைச் சொல்லி வேறு வாசல் காட்டினால் நுழையாதீர்' என்றபின் நாம் வாதாட என்ன இருக்கிறது?

தாமதமும் ஒரு காவல். 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரால் வந்த பொய்க் குறுஞ்செய்திகளை நம்பி 790 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளி இழந்தனர். அடுத்த மாதமே, வாடிக்கைக்காரருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் தொடுப்பு வைக்கலாகாது என்றும், புதிய கைப்பேசியில் வங்கியின் அடையாளக் குறியைத் துவக்கக் குறைந்தது 12 மணி நேரம் கழியவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. சொந்தக்காரரை இது முற்றாகத் தடுக்கவில்லை, காக்க மட்டும் வைக்கிறது. திருடனுக்கோ காத்திருக்க நேரமில்லை. சிவப்புப் பக்கத்தின் வழியும் இவ்வாறு சற்றுக் காக்க வைத்தால் நல்லதென்பது நம் எண்ணம்.

கடையில் செய்ய வேண்டியவை

1. வங்கி வேலைக்குரிய கணினியில் தாண்டும் வழியை அடைத்துவிடுக.

2. பழகிய வியாபாரியின் தளம் சிவந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்து விசாரிக்கவும். திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம்.

3. தாண்டியே ஆகவேண்டுமெனில் ஒரு தடவைக்கு மட்டும் தாண்டுக. அங்கே அட்டை எண், கடவுச்சொல் எதையும் கொடுக்கலாகாது.

4. சொந்தத் தளம் தடுக்கப்பட்டால், பழுதை நீக்கிவிட்டு, கூகுளின் சர்ச் கன்சோல் மூலம் மறுபரிசீலனை கேட்கவும்.

5. சிவக்காத பக்கமெல்லாம் நல்ல பக்கமென்று எண்ணற்க. நேற்று முளைத்த பொய்த் தளம் இன்று பட்டியலில் ஏறியிராது.

சகோதரர்களே! கல்லாவில் இருப்பது நம் பணம் மட்டுமல்ல. கடனுக்குச் சரக்குத் தந்தவரின் அமானிதமும் அதில் இருக்கிறது. எச்சரிக்கையைத் தாண்டுமுன், பக்கத்தில் நின்று பார்க்கும் கடைத் தம்பி அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான் என்று ஒரு நிமிஷம் யோசிப்போமாக. அந்த ஒரு நிமிஷத்தை நாம் அன்று செலவிட்டிருந்தால் 1,860 வெள்ளி மிஞ்சியிருக்கும்.