சுவாசக் கருவி உயிரைப் பறிக்குமா?

"வென்டிலேட்டர் வைத்தால் பிழைக்கமாட்டார்" என்று 2020இல் கோவிட் பரவியபோது பலர் அஞ்சினர். மாணவர்களே, இது சரியா?

நாம் மூச்சிழுக்கும்போது மார்பு விரிகிறது. நுரையீரலுள் அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று தானே உட்புகுகிறது. கருவியோ காற்றை அழுத்தி உட்செலுத்துகிறது. அளவு மிஞ்சினால் நுரையீரலின் நுண்ணறைகள் சிதையும். ஆகவே அச்சத்தில் சிறிது உண்மை உண்டு.

2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பாருங்கள். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு, உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் மூச்சுக்காற்று செலுத்தியபோது, 100க்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அதையே 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 31 பேர். குறைந்த அளவே பின்னர் முறையாயிற்று.

எஞ்சிய சாவுகளுக்கு நோயின் கடுமையே முதற்காரணம். தாமே போதிய மூச்சு விட இயலாதவருக்குத்தானே கருவி! மழைநாளில் குடைகள் மிகுதி. அதனால் குடையே மழையைக் கொணர்ந்தது எனலாமா?