வலிப்பு மாத்திரையும் எலும்பின் வலிமையும்

நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வரும் வலிப்பு நோயாளிகளிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "கடைசியாக எப்போது வலிப்பு வந்தது?" வரவில்லை என்று பதில் கிடைத்தால் நோயாளிக்கும் நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி. பழைய மாத்திரைகளே மறுபடியும் எழுதப்படும். அடுத்தவர் உள்ளே வருவார். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அவ்வாறே செய்துவந்தேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர். பத்தொன்பது ஆண்டுகளாக ஃபெனிடாயின் மாத்திரை உட்கொண்டு வந்தார். ஆறு ஆண்டுகளாக அவருக்கு வலிப்பே இல்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, நாற்காலியின் கைப்பிடிகளை இரு கைகளாலும் ஊன்றித்தான் அவரால் எழ முடிந்தது. கதவை நோக்கி நடந்த நடையும் வாத்து நடைபோல் இருபுறமும் சாய்ந்தது. நிறுத்திக் கேட்டேன். உடன் வந்த மகள் சொன்னார்: "ஒரு வருஷமாவே அம்மாவால தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல டாக்டர். இடுப்பு வலின்னு தைலம் தேய்ச்சு விடறோம். வயசாகுது இல்லையா?"

நாற்பத்தைந்து, இடுப்பு தளரும் வயதன்று. இரத்தப் பரிசோதனையில் அவருடைய வைட்டமின் டி அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. எலும்பு நலிவைக் காட்டும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்திருந்தது. இடுப்பெலும்பின் எக்ஸ்ரே படத்தில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. அந்த ஓராண்டில் அவர் மூன்று முறை என் அறைக்கு வந்து போயிருக்கிறார். மூன்று முறையும் வலிப்பைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தேன்.

மூளைக்குத் தரும் மருந்து எலும்பைத் தொடுவது எவ்வாறு? ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், பிரிமிடோன், கார்பமசெபைன் ஆகிய மருந்துகள் கல்லீரலில் உள்ள சில நொதிகளை வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்யத் தூண்டுகின்றன. அந்த நொதிகள் வைட்டமின் டி சத்தையும் விரைவாகச் சிதைத்துவிடுகின்றன. வைட்டமின் டி குறைந்தால், உண்ணும் உணவில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போதிய அளவு இருந்தாலும் குடல் அதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைவதை உடல் பொறுத்துக்கொள்ளாது. இதயத் துடிப்புக்கும் தசைகளின் இயக்கத்துக்கும் அது இன்றியமையாதது. எனவே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்கு அனுப்பச் செய்கின்றன. நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஆகவே, இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று ஆய்வக அறிக்கை சொல்வதால் மட்டும் எலும்பு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பு தன்னைக் கரைத்து அந்த அளவைக் காத்துக்கொண்டிருக்கலாம்.

சோடியம் வால்புரோயேட் இவ்வகை நொதிகளைத் தூண்டுவதில்லை. ஆயினும் அதை நெடுநாள் உட்கொள்பவர்களிடமும் எலும்பு அடர்த்தி குறைவது காணப்படுகிறது. லெவெடிரசெட்டம் போன்ற புதிய மருந்துகளில் இந்தப் பாதிப்பு குறைவு என்றே தோன்றுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1960களின் இறுதியிலேயே ஐரோப்பிய மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009ஆம் ஆண்டில் இதற்கென எச்சரிக்கையே வெளியிட்டது.

இதைப் படித்ததும் சிலருக்கு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்காமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பைக் காக்க நிறுத்திய மாத்திரையே எலும்பு முறிவுக்கும் காரணமாகும். வலிப்பின்போது தசைகள் இறுகும் வேகத்தில், கீழே விழாமலேயே முதுகெலும்பின் நடுப்பகுதி நசுங்குவதுண்டு. தோள் மூட்டு பின்புறமாக விலகுவதும் உண்டு. முன்பக்கமாக எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே படத்தில் இந்தத் தோள் விலகல் சில சமயம் கண்ணுக்குத் தப்பிவிடும். வலிப்புக்குப் பின் தோளைத் திருப்ப முடியவில்லை என்று நோயாளி சொன்னால், அதை உடல் அசதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள். வலிப்பு வரும்போது கைகால்களை அழுத்திப் பிடிப்பதும், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. அழுத்திப் பிடித்தால் நலிந்த எலும்பு முறியலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மென்மையான துணியை வைத்தால் போதும். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

பொதுவாக, வலிப்பு நோயாளிகளுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இதற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை. வலிப்பினால் விழுகிறார்கள், மருந்தின் அளவு கூடினால் தள்ளாடியும் விழுகிறார்கள். இவற்றோடு, பலரும் சிந்திக்காத இன்னொரு காரணமும் உண்டு. வலிப்பு உள்ள பிள்ளையை வெயிலில் போகாதே, ஓடாதே, விளையாடாதே என்று வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறோம். எலும்பு உறுதி பெறுவது முப்பது வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வெயிலும் ஓட்டமும் இல்லாமல் கழிந்த அந்த ஆண்டுகளை ஐம்பது வயதில் மாத்திரையால் ஈடுசெய்வது கடினம். தனியாக நீந்துவது, உயரத்தில் ஏறுவது போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வோம்; நடப்பதையும் பந்து விளையாடுவதையும் தடுக்க வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு திருத்தம். அதிகாலை இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம்பிப் பலர் ஆறரை மணிக்கு மாடியில் நிற்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு அது நல்ல நேரம். ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர்கள் அப்போது மிகக் குறைவு. காலை பத்து மணிக்குப் பிறகு பிற்பகல் மூன்று மணிக்குள், கைகளிலும் கால்களிலும் வெயில் படும்படி சிறிது நேரம் இருப்பதே பயன் தரும். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து வெயில் காய்வதால் பயனில்லை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு குவளைப் பாலிலோ தயிரிலோ 240 அளவில். எள்ளும் முருங்கைக்கீரையும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லவை. கேழ்வரகுக் கூழும் மோரும் உண்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வைட்டமின் டி உணவில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. நொதிகளைத் தூண்டும் மருந்து உட்கொள்பவர்களில் பலருக்கு அதை மாத்திரையாகவே தர வேண்டியிருக்கும். மற்றவர்களைவிட அளவும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 அலகு வைட்டமின் டி மாத்திரையை, பக்கத்து வீட்டார் சொன்னார் என்று மாதக்கணக்கில் தாமாகவே உட்கொள்பவர்களையும் பார்க்கிறேன். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் எனத் தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். எத்தனை வாரம், எந்த அளவு என்பதைப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவரே சொல்ல வேண்டும். கால்சியம் மாத்திரையை ஃபெனிடாயினுடன் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். ஃபெனிடாயின் உடலில் சேர்வதை அது குறைக்கக்கூடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக மேற்சொன்ன மருந்துகளை உட்கொள்பவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களும் ஐம்பது கடந்த ஆண்களும், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி எங்களிடம் கேளுங்கள். வலியில்லாத சோதனை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. டி-ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்கிறோம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்த பிறகே அவற்றைத் தொடங்க வேண்டும் என்பதால், இரத்தப் பரிசோதனையே முதலில் வரும்.

அந்தப் பெண்மணியிடம் மாத்திரையை மாற்றுவது பற்றியும் பேசினோம். அவர் ஒரு சிற்றுண்டிக் கடையில் அடுப்பின் முன் நின்று தோசை வார்ப்பவர். "மாத்தற நேரத்துல ஒரு தடவை வந்துட்டா, கல்லு மேலதானே விழுவேன் டாக்டர்?" என்றார். அவர் கூறியது நியாயமே. ஃபெனிடாயினையே தொடர்ந்து, வைட்டமின் டியும் கால்சியமும் சேர்த்தோம். நான்கு மாதத்தில் கையை ஊன்றாமல் எழுந்தார்; வலியும் படிப்படியாகக் குறைந்தது. மாத்திரையை மாற்றிப் பயன் பெற்றவர்களும் இருக்கிறார்கள். வலிப்பின் வகை, செய்யும் தொழில், எலும்பின் நிலை ஆகிய மூன்றையும் வைத்து எடுக்கும் முடிவு அது.

அடுத்த முறை வரும்போது, எந்த மாத்திரையை எந்த ஆண்டு முதல் உட்கொள்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். தரையிலிருந்து எழுவது, மாடிப்படி ஏறுவது, இடுப்பிலும் தொடையிலும் வலி, உயரம் குறைந்தது, கூன் விழுந்தது என எதுவாயினும், நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.