இரண்டு வருடம் கொழும்பில், மீதி அமெரிக்காவில்: கிரெடிட் மாற்றிப் போவோருக்குச் சில வார்த்தைகள்

உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எந்த வீட்டுக்குப் போனாலும் வெட்டுப்புள்ளிப் பேச்சுத்தான். அரச பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை. நல்ல சித்தி பெற்ற பிள்ளைகளும் வெளியே நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவள்தான்.

எனக்குக் கிடைத்த வழி, கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இரண்டு வருடம் படித்து, மீதியை அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது. அமெரிக்கப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இதையே செய்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் இரண்டு வருடம், பிறகு நான்கு வருடப் பல்கலைக்கழகம். எனக்கு முதல் பாதி கொட்டாஞ்சேனை வீட்டுச் சாப்பாட்டோடும் பஸ் பயணத்தோடும் முடிந்தது. அந்தச் சேமிப்பு இல்லாமல் எங்கள் குடும்பத்தால் இரண்டாம் பாதியைத் தாங்கியிருக்க முடியாது.

இப்போது தம்பி தங்கைகள் பலர் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, எப்ப அப்ளை பண்ணத் தொடங்கோணும்?" முதல் தவணைக்குப் பாடம் தெரிவு செய்யும் நாளே தொடங்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முடிவு செய்வது போகும் இடம்

அமெரிக்க இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். இங்கே படித்ததில் எவ்வளவு ஏற்கப்படும் என்பதைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். கொழும்புக் கல்லூரியின் வாக்குறுதி அங்கே செல்லுபடியாகாது. இரு தரப்புக்கும் உடன்படிக்கை இருப்பதாகச் சொன்னால் அதன் பிரதியைக் கேளுங்கள். எந்தத் துறைக்கு, எந்த ஆண்டு வரை, குறைந்தது என்ன தரம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் 'சி'க்குக் கீழே எடுத்த பாடம் ஏறாது. கடைசி 30 கிரெடிட்டையாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதியும் பரவலாக உண்டு.

ஏறுவது வேறு, உதவுவது வேறு

பெற்றோருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். ஒரு பாடம் ஏற்கப்பட்டாலும் 'பொதுத் தெரிவு' என்று பதியப்பட்டால், துறைக்குரிய கட்டாயப் பாடத்தை மறுபடி காசு கட்டிப் படிக்க வேண்டும்.

என் புள்ளிவிபரவியல் பாடம் முதலில் அப்படித்தான் பதியப்பட்டது. அந்தப் பாடத்தின் முழுத் திட்டத்தையும் நான் கோப்பில் வைத்திருந்தேன்: வாரவாரியாகத் தலைப்புகள், பாடநூலின் பெயரும் பதிப்பும், விரிவுரை மணித்தியாலங்கள், பரீட்சைக்கும் ஒப்படைக்கும் எத்தனை வீதம் என்ற கணக்கு. கருதுகோள் சோதனை எந்த வாரம், நூலில் எந்த அத்தியாயம் என்று குறித்துத் திணைக்களத்துக்கு அனுப்பினேன். அங்குள்ள பேராசிரியர் பார்த்துவிட்டு அதைக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்றுக்கொண்டார். டொலரில் கட்டியிருக்க வேண்டிய ஒரு பாடக் கட்டணம் அந்த நாலு பக்கத்தால் மிச்சமானது. ஒவ்வொரு தவணை முடிவிலும் பாடத்திட்டங்களைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். விரிவுரையாளர் மாறிப் போனபின் தேடினால் கிடைக்காது.

ஏணிப் பாடங்கள் முதலில்

கணினி விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளில் ஒரு பாடத்தின் மேல்தான் அடுத்தது நிற்கிறது. நுண்கணிதம் ஒன்றையும் இரண்டையும் இங்கே முடிக்காமல் போனால், அங்கே மூன்றாம் வருடப் பாடங்களில் பதிய விடமாட்டார்கள். பட்டம் ஒரு வருடம் தள்ளும், அந்த வருடத்துக்கும் டொலர்தான். ஆகவே போக விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் பாட அட்டவணையை இறக்கி, பட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அநேகமாக எல்லாப் பட்டத்துக்கும் அது கட்டாயம். அதில் நல்ல தரம் எடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் ஐ.ஈ.எல்.டி.எஸ். கேட்பதில்லை.

பெயர்

நமக்கே உரிய சிக்கல் இது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் தமிழில் இருக்கும். உயர்தரச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னே வரும், கல்லூரிப் பெறுபேற்றுத் தாளில் முதலெழுத்து மட்டும் நிற்கும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். அங்கே கோப்பைத் திறப்பவருக்கு இது நாலு ஆட்கள். கல்லூரியில் சேரும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைப் பதியச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு ஒரு சத்தியக்கடதாசியும், தமிழ்ப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் தயாராக இருக்கட்டும்.

காலமும் காசும்

ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்கும் தவணைக்குப் பல இடங்களில் பெப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம் முடிந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் முந்திய வருடம் ஒக்டோபர், நவம்பரிலேயே ஏற்கிறது. அங்கே முன்னுரிமை அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு என்பதையும் தெரிந்துகொண்டு கட்டணம் கட்டுங்கள். உங்கள் ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) அனுமதிக்கும் புலமைப்பரிசிலுக்கும் பார்க்கப்படும். ஆனால் பெரும்பாலான இடங்களில் கிரெடிட் மட்டும் கூட வரும், ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்கும்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும், ஏன் மாறுகிறீர்கள் என்ற கட்டுரையில் பழைய கல்லூரியைக் குறை சொல்ல வேண்டாம். போகும் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம், எந்த ஆய்வுகூடம் உங்களுக்கு வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

அனுமதி கிடைத்தபின், மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்துக்கு ஒரு வருடச் செலவுக்கான வங்கி ஆதாரம் காட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர் தனி. ரூபாய்க் கணக்கை நம்ப வேண்டாம்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360ஐ எட்டியது. அந்த வருடம் இடையில் படிப்பை நிறுத்தியவர்கள் உண்டு. கணக்கை டொலரில் போடுங்கள், ஒரு தவணைப் பணத்தைக் கையிருப்பாக வைத்துப் புறப்படுங்கள். தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு உதவும், கட்டணத்துக்குப் போதாது.

காலி வீதியில் முகவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகங்களிடமிருந்து தரகு வருகிறது. 1952 முதல் கொழும்பில் இயங்கும் ஐக்கிய அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசகர்கள் இருக்கிறார்கள். முகவரிடம் கையெழுத்து வைக்கும் முன் அவர்களிடம் ஒருமுறை பேசுங்கள்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள்: கல்லூரிக்கு முதல் தவணைக் கட்டணம் கட்டும் முன், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.