எடை கூடும்போது உங்கள் இரத்தத்தில் நடப்பது என்ன? (50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு)

“எங்கள் அம்மா பருமன், பாட்டியும் பருமன். இது குடும்பத்து உடம்பு, டாக்டர்.” நீங்களும் ஒருமுறை இப்படிச் சொல்லியிருக்கலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. பருமனாகும் தன்மை பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியதுதான். ஆனால் உடல் எடையும் தன் பங்குக்கு மரபணுக்களின் வேலையை மாற்றுகிறது. ஒரு சிறு குழாய் இரத்தத்திலேயே அந்த மாற்றத்தைக் காணலாம்.

‘மரபணு’ என்ற சொல்லில் ‘மரபு’ இருப்பதால், அது பிறப்பிலேயே எழுதி முடிக்கப்பட்டது என்று தோன்றும். எழுதப்பட்டது மாறுவதில்லை. ஆனால் எழுதப்பட்ட அனைத்தையும் உடல் எப்போதும் பயன்படுத்துவதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் மின்கம்பி போயிருக்கும். விளக்கு எரிவது சில வீடுகளில்தான். மரபணுக்களும் அப்படியே. சில வேலை செய்யும், சில அடங்கியிருக்கும். ‘மெத்தில்’ எனப்படும் மிகச் சிறிய வேதிப்பொருள் ஒட்டிக்கொள்ளும்போது பல மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன.

இரத்தத்தில் ஆய்வாளர்கள் பார்ப்பது வெள்ளை அணுக்களைத்தான். சிவப்பணுக்களுக்குள் மரபணு இல்லை. கிருமிகளை எதிர்க்கும் இந்த வெள்ளை அணுக்கள் உடல் முழுவதும் சுற்றிவருவதால், வயிற்றுக் கொழுப்பு அனுப்பும் தகவல்கள் இவற்றையும் எட்டுகின்றன. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அது மிகும்போது, உடலில் காயம் இருப்பது போன்ற எச்சரிக்கைப் பொருள்களைத் தொடர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. இதையே மருத்துவர்கள் ‘அழற்சி’ என்கிறார்கள். வலி தெரியாது, காய்ச்சல் வராது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்தக் குழாய்களும் இன்சுலினின் வேலையும் கெடும்.

2017ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஐரோப்பியர்களுடன் லண்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரும் அதில் இடம்பெற்றனர். ஆண்கள், பெண்கள் இருபாலாருமாக 10,000க்கும் அதிகமானோரின் மாதிரிகள் ஆராயப்பட்டன. எடையோடு தொடர்புடைய மெத்தில் மாற்றங்கள் மரபணுத் தொகுதியில் 187 இடங்களில் தெரிந்தன. இவற்றில் பெரும்பாலானவை எடை கூடியதால் வந்த விளைவுகள். எடை கூடியதற்குக் காரணம் அல்ல என்பதே ஆய்வின் முக்கிய முடிவு. பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பையும் இந்த மாற்றங்கள் முன்கூட்டியே காட்டின. எடை கூடியவர்களிடம் மாற்றம் கண்ட மரபணுக்களில் ஒன்று ‘ஏபிசிஜி1’. உயிரணுக்களிலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்ற உதவுவது இதன் வேலை.

பெண்களுக்கு இது ஏன் முக்கியம்? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. தராசில் எடை மாறாமலே புடவைக்குள் இடை பெருத்திருக்கலாம். எனவே தராசோடு அளவு நாடாவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. உடல் எடைக் குறியீடு 23 முதல் அபாயம் கூடுகிறது, 27.5 முதல் அதிக அபாயம். ஒன்றரை மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணின் குறியீடு ஏறக்குறைய 26.7.

அவர் 51 கிலோவுக்கு இறங்கினால்தான் பயன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பலன் இன்னும் கூடுதல்: 71 விழுக்காடு. நம் உதாரணப் பெண்மணிக்கு 7 விழுக்காடு என்பது சுமார் 4 கிலோ. எடை குறையும்போது இரத்தத்தில் அழற்சியும் குறைகிறது.

கோப்பியில் தொடங்கலாம். ஒரு நாளைக்கு மூன்று முறை குடிப்பவர் ‘கோசோங்’ என்று சொல்லி வாங்கினாலே கணிசமான சீனி குறையும். பிராட்டாவை வாரத்துக்கு ஒருமுறை என வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி மட்டும் வேண்டாம். இந்த வயதில் கொழுப்போடு தசையும் கரையும், தசை குறைந்தால் விழும் அபாயம் கூடும். பருப்பு, மீன், முட்டை, தௌவா ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் நல்ல தசைப் பயிற்சி.

நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்; சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்கள் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்து, தங்கள் குடும்ப மருத்துவருடன் எடை, இரத்தச் சர்க்கரை, கொலஸ்டிரால் பற்றிப் பேசலாம். போகும்போது இடுப்பளவைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.