அஞ்சல் பட்டியலும் ஓர் அமானிதமே

கடைச் சாவி உரியவர் கையில் இருந்தால்தான் வியாபாரம் ஒழுங்காக நடக்கும். கணினிக்கும் இதே விதிதான். சங்க அறிவிப்பை அங்கத்தினர் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மின்னஞ்சலில் அனுப்பும் மென்பொருள்களில் மெயில்மேன் பெயர் பெற்றது. அதில் அடிக்கடி வரும் அனுமதித் தகராறு பற்றி இவ்விதழில் ஆராய்வோம்.

லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரத்தார் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்ணிட்டுக் கூட்டுவது வழக்கம். மெயில்மேன் 2.1 வரிசையில் கோப்புறைகள் மெயில்மேன் குழுவுக்கு உரியவையாய், 2775 என்ற அனுமதியுடன் இருக்க வேண்டும். முதலில் நிற்கும் 2, உள்ளே புதிதாக உண்டாகும் கோப்பையும் அதே குழுவில் சேர்த்துவிடும்.

தகராறு எப்படி வருகிறது? அவசரத்தில் ஒருவர் ரூட் என்னும் தலைமை அதிகாரத்தோடு நுழைந்து ஒரு கோப்பை நகலெடுத்து வைக்கிறார். நகல் ரூட்டின் சொத்தாகிவிடுகிறது. குழுவினர் எழுத வழியில்லை. சர்வர் மாற்றும்போது உரிமையாளர் எண்கள் பொருந்தாமல் போவதும் உண்டு. மடல்கள் தேங்கிவிடுகின்றன.

"எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடுங்கள்" என்று சிலர் யோசனை சொல்வர். அது கல்லாப்பெட்டியைத் திறந்து சிராங்கூன் சாலையோரம் வைப்பதற்கு ஒப்பாகும். அங்கத்தினரின் முகவரிகள் அக்கோப்புகளில்தானே இருக்கின்றன?

முறையான பரிகாரம் இது:

1. முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள்.
2. மெயில்மேனோடு வரும் செக்பெர்ம்ஸ் என்னும் சோதனை நிரலை இயக்கி, அது காட்டும் குறைகளைப் படியுங்கள்.
3. பிறகு எஃப் குறியுடன் இயக்கினால் அதுவே திருத்தும். குறையேதும் இல்லை என்று சொல்லும் வரை மீண்டும் இயக்குங்கள்.
4. போஸ்ட்பிக்ஸ் அஞ்சல் நிரலைப் பயன்படுத்துவோர், மெயில்மேனின் மாற்றுப்பெயர்க் கோப்பு ரூட்டுக்கு உரியதாக இல்லாமல் மெயில்மேனுக்கு உரியதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. பலர் புழங்கும் சர்வரானால், அந்தரங்க மடல் சேமிப்பை மற்றவர்க்கு மூடி, வலைச் சர்வரை அதன் உரிமையாளர் ஆக்குங்கள்.

2.1 வரிசை நம்பியிருக்கும் பைதான் 2க்கு ஆதரவு 2020இல் முடிந்துவிட்டது. 2015இல் வெளிவந்த மெயில்மேன் 3க்கு மாறுவதே நலம். சிறப்பாகக் கேட்டாலன்றி ரூட்டாக இயங்க அது மறுத்துவிடும்.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. பிறர் தகவலைத் தக்க காவலோடு வைக்கும் கடமை 2014 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் வருமுன்னரே நம் மார்க்கம் அமானிதத்தைப் பேணச் சொல்லியிருக்கிறது. நம்மை நம்பிக் கொடுத்த முகவரியும் அமானிதமே. அதற்குரிய பூட்டைச் சரிபார்ப்பது சங்கச் செயலாளரின் கடமை என்பதை மறவாதிருப்போமாக.